காரைக்குடியில் யூஎஸ்பி-6211: சாம்பிள் கிளாக்கை முன்வைத்து ஒரு மதிப்புரை

நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் யூஎஸ்பி-6211 என்ற தரவுசேகரிப்புக் கருவியைக் காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டட அதிர்வு, எந்திர அளவீடு ஆகிய வேலைகளுக்கு நான் பயன்படுத்திவருகிறேன். அந்த நிறுவனம் 2023இல் எமர்சன் குழுமத்தின் கைக்குப் போனது. கருவியின் இயல்பு அதனால் மாறிவிடவில்லை. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை பிட், எத்தனை சேனல், என்ன விலை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் கணிப்பில் இக்கருவியை வாங்கலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது அதன் சாம்பிள் கிளாக், அதாவது ஒவ்வோர் அளவையும் எந்தக் கணத்தில் எடுக்க வேண்டும் என்று உத்தரவிடும் துடிப்பு. ஆகவே இந்த மதிப்புரை முழுவதும் அதைச் சுற்றியே அமைகிறது.

அடிப்படை விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். தனித்தனியாக இணைத்தால் 16 அனலாக் உள்ளீடுகள், இணைமுனையாக இணைத்தால் 8. 16 பிட் பகுதிறன். எல்லாச் சேனல்களுக்கும் சேர்த்து நொடிக்கு 2,50,000 சாம்பிள். இரண்டு அனலாக் வெளியீடுகள். நான்கு டிஜிட்டல் உள்ளீடுகள், நான்கு டிஜிட்டல் வெளியீடுகள். இரண்டு 32 பிட் கவுன்டர்கள். மின்சாரத்தை யூஎஸ்பி வழியாகவே எடுத்துக்கொள்வதால், கரன்ட் போனாலும் மடிக்கணினியின் பேட்டரி உள்ளவரை அளவீடு அறுபடாது. கம்பிகளை முடுக்கும் திருகு முனைகள் கருவியிலேயே இருப்பதால் தனி இணைப்புப் பெட்டி தேவையில்லை.

எந்த வேலைக்கு இது வேண்டியிருந்தது என்பதைச் சொன்னால்தான் பின்னால் வரும் கணக்குகள் புரியும். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை என்று ஒவ்வொன்றும் அதிர்வை ஒவ்வொரு விதமாகத் தாங்கும். கானாடுகாத்தான் பக்கத்து வீடு ஒன்றில் ஆச்சி ஒருவர், “லாரி போனா நிலைக்கண்ணாடி கிடுகிடுங்குது, தம்பி, சுவருக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டார். அதற்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டுமானால் முகப்பிலும், நடுமுற்றத்தைச் சுற்றிய வளவிலும், இரண்டாம் கட்டிலும் ஜியோஃபோன்களை, அதாவது நில அசைவைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் உணரிகளை வைத்து, ஓரிடத்து அசைவுக்கும் மற்றோரிடத்து அசைவுக்கும் உள்ள கால வேறுபாட்டை அளக்க வேண்டும். அளவின் பெரும சிறுமத்தை மட்டும் பார்ப்பதானால் மலிவான கருவியே போதும். கால வேறுபாடு என்று வந்தவுடன் கிளாக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதாகிறது.

பல மாணவர்கள் இக்கருவியை வாங்கிய முதல் நாள் எழுதும் நிரலில் கிளாக்கே இருப்பதில்லை. ஒரு சேனலைத் திறந்து, ஒரு மதிப்பைப் படித்து, சில மில்லிநொடி உறங்கச் சொல்லி, மறுபடியும் படிக்கும் சுழல் அது. கருவியைக் கணினியிலிருந்து இயக்கும் நிறுவனத்தின் மென்பொருளான டேக்எம்எக்ஸ் டிரைவரில் டைமிங் அமைக்காமல் விட்டால் ஒவ்வொரு படிப்பும் ‘கேட்டபோது எடு’ என்ற முறையில் நடக்கும். அளவு எடுக்கப்படும் கணத்தை விண்டோஸ்தான் தீர்மானிக்கும். விண்டோஸ் வேறு வேலையில் இருந்தால் சில மில்லிநொடி முன்பின்னாகும். 20 ஹெர்ட்ஸ் அதிர்வில் 5 மில்லிநொடி பிசகு என்பது 36 பாகைக் கட்டப் பிழை, அதாவது ஒரு முழு அலையில் பத்தில் ஒரு பங்கு நகர்வு. தரையும் தூணும் சேர்ந்து ஆடுகின்றனவா, எதிரெதிராக ஆடுகின்றனவா என்று அறிய முயலும் ஒருவருக்கு இந்தத் தரவு பயன்படாது. வரைபடத்தில் அலை அழகாகத் தெரிவதால் இது பயன்படாத தரவு என்பதும் தெரியாது.

சாம்பிள் கிளாக்கை அமைப்பது ஒரே வரிதான். பைத்தானில் ‘டைமிங்’ என்பதன் கீழ் உள்ள சாம்பிள் கிளாக் அமைப்புச் சார்புக்கு ஐந்து விவரங்களைக் கொடுக்கிறோம்: வேகம், கிளாக் எங்கிருந்து வருகிறது, ஏறு விளிம்பா இறங்கு விளிம்பா, குறிப்பிட்ட எண்ணிக்கையோடு நிற்பதா தொடர்வதா, சேனலுக்கு எத்தனை சாம்பிள். கிளாக்கின் மூலத்தைக் குறிப்பிடாமல் விட்டால் கருவி தன் உள்கிளாக்கையே எடுத்துக்கொள்ளும். அதன்பின் அளவெடுக்கும் கணம் விண்டோஸின் கையைவிட்டுப் போய் வன்பொருளின் கைக்கு வந்துவிடுகிறது. கணினி எவ்வளவு தாமதமாகப் படித்தாலும் சாம்பிள்களுக்கிடையிலான இடைவெளி மாறாது. இக்கருவிக்குக் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி இந்த ஒரு வசதிக்குத்தான் என்பேன்.

அந்த வரியில் எழுதும் வேகம் ஒரு விண்ணப்பம் மட்டுமே. கருவி அப்படியே கொடுத்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே 20 மெகாஹெர்ட்ஸ் டைம்பேஸ், அதாவது அடிப்படைத் துடிப்பு ஒன்று ஓடுகிறது. அதை ஒரு முழு எண்ணால் வகுத்துத்தான் சாம்பிள் கிளாக் உண்டாக்கப்படுகிறது. 1000 ஹெர்ட்ஸ் கேட்டால் 20,000ஆல் வகுத்துச் சரியாகக் கொடுத்துவிடும். 3000 கேட்டால் வகுக்கும் எண் 6666.67 என்று வரும். முழு எண்ணாக இருக்க வேண்டும் என்பதால் டிரைவர் 6666ஐ எடுத்துக்கொண்டு அடுத்த உயர்ந்த வேகமான 3000.30 ஹெர்ட்ஸைக் கொடுக்கும். பிழைச் செய்தியோ எச்சரிக்கையோ வராது. அலையை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்குக்கு வசதி என்று 1024 கேட்கிறவர்களுக்கு 1024.013 கிடைக்கும். இது பத்து லட்சத்தில் 13 பங்குதான். பெரும்பாலான வேலைகளுக்குப் பொருட்டில்லை.

வேகம் கூடக் கூட வகுக்கும் எண் சிறிதாகி, இந்த நகர்வு பெரிதாகும். ஒலிப்பதிவில் பழக்கமான 48,000 ஹெர்ட்ஸைக் கேட்டுப் பாருங்கள்: வகுக்கும் எண் 416.67, டிரைவர் 416ஐ எடுத்துக்கொள்ளும், கிடைப்பது 48,076.9 ஹெர்ட்ஸ். கேட்டதையே கிடைத்ததாக எண்ணிக் கணக்கிட்டால், உண்மையில் 1000 ஹெர்ட்ஸாக ஒலிக்கும் ஒரு மணியை 998.4 ஹெர்ட்ஸ் என்று அறிக்கையில் எழுதுவோம். ஒரு மணி நேரப் பதிவின் கால அச்சு ஏறத்தாழ 5.8 நொடி பிசகியிருக்கும். மருந்து எளிது. அமைத்து முடித்ததும் அதே சாம்பிள் கிளாக் வேகம் என்ற பண்பைத் திரும்பப் படித்து, அந்த எண்ணையே கோப்பின் தலைப்பில் எழுதி, கணக்கு முழுவதற்கும் பயன்படுத்த வேண்டும். என்னிடம் தரவுக் கோப்புகளைக் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். டிரைவர் இதைத் தானாகத் திரையில் காட்டாததை இக்கருவியின் மென்பொருளில் உள்ள உண்மையான குறையாகக் கருதுகிறேன். கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறது, ஆனால் கேட்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

டைம்பேஸின் துல்லியம் வேறு செய்தி. அது பத்து லட்சத்தில் 50 பங்குக்குள் இருக்கும் என்று விவரக்குறிப்பு சொல்கிறது. அதாவது ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4.32 நொடி முன்பின்னாகலாம். ஒரே கருவியில் இருக்கும்வரை இதனால் தொல்லையில்லை, ஏனென்றால் எல்லாச் சேனல்களும் சேர்ந்தே முந்தும், சேர்ந்தே பிந்தும். ஆர்டுயினோ யூனோவோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். யூனோவில் அளவெடுக்கும் சில்லுக்குத் துடிப்பு கொடுப்பது படிகம் இல்லை, செராமிக் ரெசனேட்டர். அதன் பிழை அரை சதவீதம்வரை போகலாம், அதாவது மணிக்கு 18 நொடி. 10 பிட் போதும், கால வேறுபாடு வேண்டாம் என்கிற வேலைகளுக்கு யூனோவையே நானும் பரிந்துரைக்கிறேன். கட்டடத்தின் இயல் அதிர்வெண்ணை இரண்டு பருவங்களில் அளந்து அரை சதவீத மாற்றத்தைத் தேட வேண்டிய இடத்தில் கருவியின் பிழையே அரை சதவீதமாக இருந்தால் என்ன செய்வது?

இனி, நான் அதிகம் விவாதிக்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். யூஎஸ்பி-6211இல் அளவை எண்ணாக மாற்றும் சில்லு ஒன்றே ஒன்றுதான். சாம்பிள் கிளாக் ஒரு முறை துடித்தால் எல்லாச் சேனல்களும் ஒரே கணத்தில் அளக்கப்படுவதில்லை. பந்தியில் ஒரே ஆள் இலை இலையாகச் சாம்பார் ஊற்றிக்கொண்டு போவதைப் போல, முதல் சேனல், இரண்டாம் சேனல் என்று வரிசையாகப் போகும். இந்த வரிசையின் நடைவேகத்தைத் தீர்மானிப்பது கன்வெர்ட் கிளாக் என்ற இரண்டாவது துடிப்பு. சாம்பிள் கிளாக்கை அமைக்கத் தெரிந்த பலருக்கும் கன்வெர்ட் கிளாக் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் டிரைவர் நல்ல முடிவையே எடுக்கிறது. சில்லு ஒரு மாற்றத்தை முடிக்க 4 மைக்ரோநொடி எடுக்கும். அதோடு, முந்தைய சேனலின் மின்னழுத்தத்திலிருந்து அடுத்த சேனலுக்கு உள்சுற்று நிலைபெறுவதற்காக 10 மைக்ரோநொடியைச் சேர்த்து, சேனலுக்கு 14 மைக்ரோநொடி வீதம் வேகமாக எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்த துடிப்புவரை காத்திருக்கும். நான்கு ஜியோஃபோன்கள் என்றால் முதலாவதற்கும் நான்காவதற்கும் 42 மைக்ரோநொடி வேறுபாடு. 20 ஹெர்ட்ஸ் அதிர்வில் அது 0.3 பாகை. சுவர் அதிர்வுக்கு இதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

ஆனால் கன்வெர்ட் கிளாக்கை நாமே மாற்றினால் மாற்றங்கள் நாம் சொன்ன இடைவெளியில் நடக்கும்; கேட்ட வேகம் கூடி 10 மைக்ரோநொடிக்கு இடம் இல்லாமல் போனால் சாம்பிள் இடைவெளி முழுவதும் சம தூரத்தில் பரப்பப்படும். 1000 ஹெர்ட்ஸில் நான்கு சேனல்களைச் சமமாகப் பரப்பினால் அடுத்தடுத்த சேனல்களுக்கு இடையே 250 மைக்ரோநொடி. முதலுக்கும் கடைசிக்கும் 750. அதே 20 ஹெர்ட்ஸில் அது 5.4 பாகையாகிவிடும். இந்த அளவு பிழை, தூணின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் சிறிது முறுக்கிக்கொண்டு ஆடுகின்றன என்று தவறாக முடிவுகட்டப் போதுமானது. மின்தடை மிகுந்த உணரியைச் சேர்க்கும்போது ஒரு சேனலின் நிழல் அடுத்த சேனலில் படிவதைத் தவிர்க்கச் சிலர் கன்வெர்ட் வேகத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அது சரியான ஆலோசனைதான். குறைத்தால் ஒவ்வொரு சேனலின் தாமதத்தையும் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். தாமதம் மாறாத ஒன்று, வரிசை நமக்குத் தெரிந்தது; எனவே கழிப்பது கடினமில்லை.

சேனல்களுக்குத் தனித்தனிச் சில்லு வைத்த கருவிகளும் உண்டு. அதே நிறுவனத்தின் 9234 மாட்யூலில் நான்கு சேனல்களும் 24 பிட்டில் ஒரே கணத்தில் அளக்கப்படும். முடுக்கமானிகளுக்கு வேண்டிய 2 மில்லியாம்பியர் மின்னோட்டத்தையும் அதுவே கொடுக்கும். நைக்விஸ்ட் எல்லைக்கு, அதாவது சாம்பிள் வேகத்தில் பாதிக்கு மேலானவற்றை வடிகட்டும் வடிப்பானும் உள்ளேயே இருக்கும். யூஎஸ்பி-6211இல் அந்த வடிப்பான் இல்லை. 1440 ஆர்பிஎம்மில் ஓடும் கிணற்று மோட்டாரின் 24 ஹெர்ட்ஸை 20 ஹெர்ட்ஸ் வேகத்தில் அளந்தால் இல்லாத 4 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று தரவில் முளைத்து நிற்கும். இருந்தாலும் 9234இன் வேகங்கள் 51,200ஐ 1 முதல் 31வரையுள்ள எண்களால் வகுத்துக் கிடைப்பவை மட்டுமே. 10,000 கேட்டால் 10,240 வரும். 1000 என்ற வேகமே கிடையாது, ஏறத்தாழ 1652தான் அடித்தளம். வெளியிலிருந்து வரும் துடிப்பைச் சாம்பிள் கிளாக்காக ஏற்பதும் அந்த வகைச் சில்லுக்கு இயலாது. மெதுவான கட்டட அதிர்வுக்கும், நான் அடுத்துச் சொல்லப்போகிற வேலைக்கும் 6211தான் பொருத்தம் என்பது என் முடிவு.

அந்த வேலை மரச்செக்கு. எண்ணெய் ஆட்டும்போது உலக்கை மேல் விழும் விசை, சுற்றின் எந்தக் கோணத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அறிய வேண்டியிருந்தது. செக்கு சீரான வேகத்தில் சுற்றாது. எள் நசுங்க நசுங்கப் பாரம் மாறும், வேகமும் மாறும். நேரத்தைக் கொண்டு சாம்பிள் எடுத்தால் ஒரு சுற்றுக்கு 230 அளவும் அடுத்த சுற்றுக்கு 250 அளவும் வந்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க முடியாமல் போகும். இதற்குத் தண்டில் சுற்றுக்கு 360 துடிப்பு கொடுக்கும் என்கோடரைப் பொருத்தி, அந்தத் துடிப்பையே சாம்பிள் கிளாக்காகக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு பாகைக்கும் ஓர் அளவு வந்துவிடும். யூஎஸ்பி-6211இல் பிஎஃப்ஐ என்பவை எதற்குப் பயன்படுத்துவது என்று நாமே நிரலில் தீர்மானிக்கும் டிஜிட்டல் முனைகள்; அவற்றில் 0 முதல் 3வரை உள்ளீட்டு முனைகள். அவற்றுள் ஒன்றில் என்கோடரின் கம்பியை முடுக்கி, கிளாக்கின் மூலம் என்ற இடத்தில் அந்த முனையின் பெயரை எழுதினால் போதும்.

வெளிக்கிளாக் கொடுக்கும்போதும் வேகம் என்ற விவரத்தை நிரப்ப வேண்டும், அது எதற்கு என்று பலர் குழம்புகிறார்கள். அங்கே எதிர்பார்க்கும் அதிகபட்ச வேகத்தை எழுத வேண்டும். நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றும் செக்கு நொடிக்கு 90 துடிப்பு கொடுக்கும். நான் 200 என்று எழுதுவேன். கருவி இந்த எண்ணைக் கொண்டு சாம்பிள் எடுப்பதில்லை. படிக்கப்படும்வரை தரவு தங்கும் நினைவிடமான பஃபர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும், இரண்டு துடிப்புகளுக்கிடையில் எல்லாச் சேனல்களையும் முடிக்க முடியுமா என்பதையும் டிரைவர் இதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கும். குறைவாக எழுதிவிட்டுத் துடிப்பு வேகமாக வந்தால் அளவீடு பிழையோடு நிற்கலாம்.

செக்கை நிறுத்தினால் கிளாக்கும் நின்றுவிடும். அப்போது படிக்கும் கட்டளை 10 நொடி காத்திருந்துவிட்டு, −200284 என்ற எண்ணோடு பிழை காட்டும்: கேட்ட சாம்பிள்கள் இன்னும் வந்து சேரவில்லை என்பது அதன் பொருள். கருவி பழுது என்று இதைக் கண்டு பதற வேண்டியதில்லை. காத்திருப்பு நேரத்தை −1 என்று வைத்தால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். உள்கிளாக்கில் வேலை செய்யும்போது இதே எண் வந்தால் மட்டும் கம்பியையும் மூலத்தின் பெயரையும் சரிபார்க்க வேண்டும்.

வெளிக்கிளாக்கின் உண்மையான எதிரி இரைச்சல். மோட்டார் ஓடும் கொட்டகையில் என்கோடர் கம்பியில் பொய்த் துடிப்புகள் ஏறும்; ஒவ்வொரு பொய்த் துடிப்புக்கும் ஓர் அளவு எடுக்கப்பட்டு, கோணக் கணக்கு சரிந்துகொண்டே போகும். இதற்கென்று பிஎஃப்ஐ முனைகளில் டிஜிட்டல் வடிப்பான் இருக்கிறது. 125 நானோநொடி, 6.425 மைக்ரோநொடி, 2.56 மில்லிநொடி என்ற மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், அதைவிடப் போதிய அளவு குறுகிய துடிப்புகள் தடுக்கப்படும். நொடிக்கு 90 துடிப்பு என்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5.5 மில்லிநொடி உயர்ந்து நிற்கும், அங்கே 2.56 மில்லிநொடி வடிப்பான் மிகப் பொருத்தம். இதே வடிப்பானை வைத்துக்கொண்டு வேறு எந்திரத்தில் நொடிக்கு 200 துடிப்பைக் கொடுத்தால் நல்ல துடிப்பும் அடைபட்டுவிடும் என்பதை மறக்கக் கூடாது. கம்பி உறையை ஒரு முனையில் மட்டும் தரையிணைப்பதும் தேவை. வடிப்பானை நம்பி அதை விட்டுவிட வேண்டாம்.

கோணத்தைக் கொண்டு அளந்தால் நேரம் தொலைந்துபோகும். அதை மீட்கக் கவுன்டர் உதவுகிறது: அதே என்கோடர் துடிப்பை ஒரு கவுன்டருக்கும் கொடுத்து, இரண்டு துடிப்புகளுக்கிடையிலான காலத்தை 80 மெகாஹெர்ட்ஸ் டைம்பேஸால் அளக்கச் சொன்னால், ஒவ்வொரு பாகையையும் கடக்க எத்தனை நேரம் ஆனது என்பது தனியே பதிவாகும். விசையும் வேகமும் பாகைக்குப் பாகை அருகருகே கிடைக்கின்றன. இந்த விலைப்படியில் உள்ள ஒரு கருவி இவ்வளவு செய்வது எனக்கு மிகுந்த மன நிறைவைத் தந்தது.

1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர் என்பதால், காரைக்குடியில் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது வேறொரு கேள்வி: மின்முனைக்கு ஒரு சைன் அலையைக் கொடுத்து, அது திருப்பித் தரும் மின்னோட்டத்தை அளந்து, இரண்டுக்குமான கட்ட வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இக்கருவி போதுமா? குறைந்த அதிர்வெண்களுக்குப் போதும். ஆனால் அலையை வெளியிடும் கிளாக்கும் அளவெடுக்கும் கிளாக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அனலாக் வெளியீட்டின் கிளாக் மூலமாக, அதே கருவியின் அனலாக் உள்ளீட்டுச் சாம்பிள் கிளாக்கைக் குறிப்பிட்டு, வெளியீட்டை முதலில் தொடங்கிக் காத்திருக்க வைத்து, பிறகு உள்ளீட்டைத் தொடங்கினால் இரண்டும் ஒரே துடிப்பில் நடக்கும். ஒரே விளிம்பில் பழைய மதிப்பு அளக்கப்பட்டு, புதிய மதிப்பு வெளியே போவதால் ஒரு சாம்பிள் தாமதம் உண்டு. 1000 ஹெர்ட்ஸ் கிளாக்கில் 10 ஹெர்ட்ஸ் அலைக்கு அது 3.6 பாகை. எப்போதும் மாறாதது என்பதால் கழித்துவிடலாம். தொடங்கும் வரிசையை மாற்றினால் முதல் சில துடிப்புகளில் வெளியீடு பின்தங்கி, எவ்வளவு கழிப்பது என்பதே தெரியாமல் போகும்.

பஃபரைப் பற்றிச் சுருக்கமாக: தொடர் முறையில் 101 முதல் 10,000 ஹெர்ட்ஸ்வரை டிரைவர் சேனலுக்குக் குறைந்தது 10,000 சாம்பிள் இடம் ஒதுக்குகிறது. 1000 ஹெர்ட்ஸில் அது 10 நொடித் தரவு. அதற்குள் படிக்காவிட்டால் −200279 வரும். பழைய தரவின்மேல் புதியது எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு நொடித் தரவைப் படிப்பது வசதியானது. இரவு முழுவதும் பதிய வேண்டுமானால், தரவை நேரடியாக டிடிஎம்எஸ் என்ற அந்நிறுவனத்தின் கோப்பு வகையில் எழுதும் வேலையை டிரைவரிடமே ஒப்படைத்துவிட்டு, மடிக்கணினி உறங்காமலும் யூஎஸ்பி முனையின் மின்சாரத்தை விண்டோஸ் துண்டிக்காமலும் அமைத்துவிட்டுப் போக வேண்டும்.

குறைகளில் எனக்குப் பெரிதாகப் படுவது, அனலாக் டிரிகர் இல்லாதது. லாரி கடக்கும்போது மட்டும், கடப்பதற்குச் சற்று முன்னிருந்து பதிய வேண்டும் என்றால், சிக்னல் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் கருவியே விழித்துக்கொள்வது எவ்வளவு நன்றாக இருக்கும். 6211இல் டிஜிட்டல் டிரிகர் மட்டுமே உண்டு. ஆகவே தொடர்ந்து பதிந்துகொண்டே இருந்து, நிரலில் தேடி, வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்ள வேண்டும். அல்லது சிறு ஒப்பீட்டுச் சுற்று ஒன்றை அமைத்து அதன் வெளியீட்டை பிஎஃப்ஐ முனைக்குக் கொடுக்க வேண்டும். டிஜிட்டல் முனைகளைச் சாம்பிள் கிளாக்கோடு சேர்த்துப் படிக்கவும் முடியாது. அவை நாம் கேட்கும்போது மட்டுமே நிலையைச் சொல்லும். இந்த இரண்டும் கட்டாயம் என்கிறவர்கள் வேறு கருவியைப் பார்ப்பது நல்லது.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளைச் சேர்க்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். இரண்டு 6211கள் தத்தம் உள்கிளாக்கில் ஓடினால், ஒன்று 50 பங்கு முந்தியும் மற்றொன்று 50 பங்கு பிந்தியும் இருக்கும் மோசமான நிலையில், ஒரு மணி நேரத்தில் 0.36 நொடி விலகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முதற்கருவியின் சாம்பிள் கிளாக்கை பிஎஃப்ஐ 4 முதல் 7வரையுள்ள வெளியீட்டு முனை ஒன்றுக்கு ஏற்றுமதி செய்து, இரண்டாவதன் பிஎஃப்ஐ 0இல் கொடுத்து, தரைக் கம்பியையும் சேர்த்து, இரண்டாவதை முதலில் தொடங்கிக் காத்திருக்க வைக்க வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் முகப்பிலிருந்து பின்கட்டுவரை இழுக்கும் நீளக் கம்பியில் இந்தத் துடிப்பை அப்படியே அனுப்புவது சரிவராது. நீளக் கம்பிக்கு ஏற்றபடி துடிப்பை மாற்றி அனுப்பும் ஆர்எஸ்-485 மாற்றிகளை இருபுறமும் வைக்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பிடித்த வழி ஜிபிஎஸ். நொடிக்கு ஒரு துடிப்பு தரும் மலிவான ஜிபிஎஸ் மாட்யூல்கள் எளிதில் கிடைக்கின்றன, அவற்றின் 3.3 வோல்ட் துடிப்பை பிஎஃப்ஐ முனை ஏற்றுக்கொள்ளும். வளவின் நடுமுற்றம் வானத்துக்குத் திறந்தே இருப்பதால், வீட்டுக்குள் இருந்துகொண்டே ஆன்டெனாவுக்குச் செயற்கைக்கோள்கள் தெரிகின்றன. கூரையில் ஏறிக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. இந்தத் துடிப்பை ஒவ்வொரு கருவியிலும் ஓர் அனலாக் சேனலில் பதிந்துவிட்டால், பிறகு எந்த இரண்டு கருவிகளின் தரவையும் நொடிக்கு நொடி பொருத்திக்கொள்ளலாம். சேனல் ஒன்று குறைகிறது என்பதைத் தவிர இதில் நட்டமில்லை.

வெப்பநிலையையும் பார்க்க வேண்டும். கருவி இயங்கும் எல்லை 45 பாகை செல்சியஸ்வரைதான். சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டுக்கூரைக்கு நேர் கீழேயோ மொட்டை மாடியிலோ பெட்டிக்குள் வைத்தால் அந்த எல்லையைத் தாண்டுவது எளிது. தடித்த சுவர் கொண்ட உள்ளறையில் கருவியை வைத்து, ஜியோஃபோன் கம்பிகளை மட்டும் வெளியே நீட்டுவதே சரி. ஜியோஃபோனின் சிறு மின்னழுத்தத்துக்கு ±0.2 வோல்ட் நெடுக்கத்தைத் தேர்ந்தால் ஒரு படி 6.1 மைக்ரோவோல்ட், இணைமுனை முறையில் இணைத்து, சாம்பிள் வேகத்தை 50 ஹெர்ட்ஸின் மடங்காக வைத்தால் மின்வாரியத்தின் ரீங்காரத்தையும் பிறகு சுத்தமாக நீக்கிவிடலாம்.

கல்லூரி ஆய்வகங்களுக்கும், கட்டடம், எந்திரம் ஆகியவற்றில் 20,000 ஹெர்ட்ஸுக்குள் வேலை செய்கிறவர்களுக்கும் இக்கருவியைத் தயக்கமில்லாமல் பரிந்துரைக்கிறேன். ஒரே சேனலில் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு முறை பதிகிறவர்களுக்கு இது வீண் செலவு. ஒலியியலில், பல மைக்குகளுக்கிடையே நுண்ணிய கால வேறுபாட்டைத் தேடுகிறவர்கள் ஒரே கணத்தில் அளக்கும் கருவிக்கே போக வேண்டும். 1000 ஹெர்ட்ஸில் அந்த 42 மைக்ரோநொடி 15 பாகையாகிவிடும்.

பழைய கருவியாகக் கைமாற்றி வாங்குகிறவர்கள், பணம் கொடுக்குமுன் அதே ஜிபிஎஸ் மாட்யூலைக் கையோடு எடுத்துப்போகலாம். அதன் நொடித் துடிப்பை ஒரு கவுன்டருக்குக் கொடுத்து, துடிப்புக்குத் துடிப்பு 80 மெகாஹெர்ட்ஸ் டைம்பேஸில் எத்தனை எண்ணிக்கை வருகிறது என்று பாருங்கள். 8,00,00,000 வர வேண்டும். 4,000 வரை கூடவோ குறையவோ இருந்தால் விவரக்குறிப்புக்குள் இருக்கிறது. அதைத் தாண்டினால் அந்தக் கருவியின் எந்தச் சேனலையும் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை, வேறு ஒன்றைத் தேடுங்கள்.